ஆயா காசு போக கையில் நிற்பது எவ்வளவு? பீடோங், சுங்கைப்பட்டாணி பக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

இரண்டு பிள்ளை அம்மா
செவ்வாய், இரவு 10.50

எல்லாருக்கும் வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, இதுவரை எழுதியதில்லை. இன்றைக்குப் பிள்ளைகள் தூங்கினதும் கணக்கு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். கூட்டிக் கழித்துப் பார்த்தபிறகு தூக்கம் வரவில்லை.

நாங்கள் மலேசியா, கெடா மாநிலத்துப் பீடோங்கில், தோட்டத்தை ஒட்டின தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கிறோம். வீட்டுக்காரர் செம்பனை எண்ணெய் ஆலையில் வொர்க்ஷாப் வேலை. நான் சுங்கைப்பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் ஆப்பரேட்டர். பன்னிரண்டு மணி நேரப் பகல் ஷிப்ட், நாலு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. மகளுக்கு மூன்று வயது, மகனுக்கு எட்டு மாதம்.

காலை 5.40க்கு கம்பெனி பஸ். அதனால் 5.20க்கே இருவரையும் மூன்று லோரோங் (சந்து) தள்ளி இருக்கும், பிள்ளை பார்க்கும் ஆயா வீட்டில் விடவேண்டும். சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டு, பெரியவளைத் தூக்கக் கலக்கத்தோடு நடத்திக்கொண்டு போவேன். பையில் ஐந்து பால் போத்தல், பால்மாவு அளந்து போட்ட டப்பா, பேம்பர்ஸ், மாற்று உடுப்பு. திரும்பிவர இரவு 7.50 ஆகிவிடும்.

ஆயாவுக்குச் சின்னவனுக்கு 450 வெள்ளி (ரிங்கிட்), பெரியவளுக்கு 350. ஏழரைக்கு மேல் போனால் நாளுக்கு 3 வெள்ளி கூட. அது மாதம் ஒரு 60 வந்துவிடுகிறது. என் அடிப்படைச் சம்பளம் 1,700, ஷிப்ட் அலவன்ஸ் 200, ஓவர்டைம் 300 பக்கம். இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) எல்லாம் பிடித்து கைக்கு வருவது 1,980. ஆயாவுக்கு 860, பால்மாவு 240, பேம்பர்ஸ் 120. மிச்சம் 760.

நேற்று வீட்டுக்காரர் சொன்னார், "உன் சம்பளம் ஆயாவுக்கும் பால் டின்னுக்கும்தானே போகுது, பேசாம வீட்டிலேயே இரேன்." கோபமாகச் சொல்லவில்லை. நான் படும் பாட்டைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் அவர் சம்பளம் ஒன்றில் வீட்டுக் கடனும் காடி (கார்) கடனும் கட்டிவிட்டால் இருபதாம் தேதிக்கு மேல் என்ன செய்வது? 760 வெள்ளிக்காகப் பிள்ளைகளை இருட்டில் தூக்கிக்கொண்டு ஓடுகிறேனா? நின்றுவிடலாமா? பட்டவர்கள் சொல்லுங்கள்.

கூலிம் ஷிப்ட்
செவ்வாய், இரவு 11.25

தங்கச்சி, முதலில் அந்த நோட்டைத் திருத்து. பால்மாவையும் பேம்பர்ஸையும் ஏன் உன் சம்பளத்தில் கழிக்கிறாய்? நீ வீட்டில் இருந்தால் சின்னவன் பால் குடிக்கமாட்டானா? அது பிள்ளை வளர்க்கும் செலவு. இரண்டு சம்பளத்துக்கும் பொது. வேலைக்குப் போவதால் வரும் செலவு ஆயா காசு 860 மட்டும்தான். அப்போ உன் கையில் நிற்பது 1,120.

அப்புறம், சம்பள ரசீதில் நீ பார்க்காமல் விடும் தொகை ஒன்று இருக்கிறது. உன் 1,900க்கு நீ கட்டும் இபிஎஃப் 209. முதலாளி போடுவது 13 சதவீதம், அதாவது 247. மாதம் 456 உன் பெயரில் ஏறுகிறது. நின்றால் அதுவும் நிற்கும். 2024 மே மாதத்திலிருந்து அதில் பத்தில் ஒரு பங்கு மூன்றாம் கணக்குக்குப் போகிறது, அவசரத்துக்கு 50 வெள்ளியிலிருந்து எடுக்கலாம். எங்கள் ஆயா திடீரென்று பிள்ளை பார்ப்பதை நிறுத்தியபோது புது ஆயா ஒரு மாத முன்பணம் கேட்டார். அந்தக் கணக்குதான் கைகொடுத்தது.

நான் ஒருமுறை நின்றவள். மகன் பிறந்ததும் இரண்டு வருஷம் வீட்டில் இருந்தேன். திரும்பப் போனபோது ஒன்பது வருஷ இன்கிரிமெண்ட் எல்லாம் போய், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளோடு அதே அடிப்படைச் சம்பளம். நான் வேலை கற்றுக்கொடுத்த பெண் எனக்கு லைன் லீடர். அந்த இரண்டு வருஷ ஆயா காசை மிச்சம் பிடித்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். இன்றுவரை அதைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. ஆயா காசை ஏன் எப்போதும் அம்மா சம்பளத்தில் கழிக்கிறோம்? அது இருவர் பிள்ளை. இரண்டு சம்பளத்தையும் சேர்த்து வைத்து அதிலிருந்து கழித்துப் பார்.

பழைய லயத்துக்காரன்
புதன், காலை 6.15

மகளே, உன் 5.20 கணக்கைப் படித்ததும் என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

நான் பிறந்து வளர்ந்தது கித்தாக் காட்டில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில். அம்மா மரம் சீவப் போவார். விடிவதற்கு முன் பிரட்டுக்கு (காலையில் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போகிற வழியில் என்னையும் தம்பியையும் ஆயா கொட்டகையில் விடுவார். சிமெண்டுத் தரை, கம்பி வலை அடித்த சுவர், மேலே குறுக்குக் கட்டையில் வரிசையாகத் தொங்கும் சாரோங் தொட்டில்கள். இருட்டில் எந்தத் தொட்டில் எந்தப் பிள்ளைக்கு என்று ஆயா சாரோங்கின் பூவைத் தடவியே கண்டுபிடிப்பார் என்று அம்மா சொல்வார். எங்களுடையது பழுப்புக் கட்டம் போட்டது. ஒரு மூலையில் தகர டின்னில் வெந்நீர் கொதித்துக்கொண்டே இருக்கும். பத்து மணிக்கு அம்மா மர நிரையிலிருந்து ஓடிவந்து தம்பிக்குப் பால் கொடுத்துவிட்டு, ரப்பர்ப் பால் எடுக்க மறுபடி ஓடுவார்.

அந்த ஆயாவுக்குத் தோட்டம் சம்பளம் கொடுத்தது. அம்மா ஒரு காசு கொடுத்ததில்லை. தோட்டத்துச் சம்பளம் குறைவு, லயத்து வீடு (தோட்டத்து வரிசை வீடு) ஒழுகும். அந்தக் காலம் சொர்க்கம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் பிள்ளை பார்ப்பது வேலையோடு சேர்ந்த செலவு, அதை முதலாளி ஏற்கவேண்டும் என்பது மட்டும் யாருக்கும் சந்தேகமில்லாமல் இருந்தது. தோட்டத் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம், 446 என்று எண் போட்டது, அதில் வீட்டோடு குழந்தைக் காப்பகத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள்.

பிறகு என்ன நடந்தது? ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள். ஆள் குறைந்தது. பல இடத்தில் தோட்டத்தைத் துண்டாக்கி விற்றார்கள். நாங்கள் லயத்தை விட்டுத் தாமானுக்கு வந்தோம், பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் போனார்கள். வீட்டுக்குக் கடன் கிடைத்தது, பஸ் கிடைத்தது. கொட்டகை மட்டும் பின்னாலேயே நின்றுவிட்டது. அந்த ஆயாவின் சம்பளம்தான் இன்றைக்கு உன் நோட்டில் 860 என்று எழுதியிருக்கிறது. அது உன் தப்பில்லை, மகளே.

சுங்கைப்பட்டாணி ஆசிரியை
புதன், மாலை 4.40

பதிவு பெற்ற தாஸ்காவில் (குழந்தைக் காப்பகத்தில்) விடலாமே என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் விடுகிறேன். என் மகளுக்கு மாதம் 600, வருஷத் தொடக்கத்தில் பதிவுக் கட்டணம் 300. நல்ல இடம், குறை சொல்லமாட்டேன். ஆனால் அது காலை ஏழுக்குத் திறந்து மாலை ஆறுக்கு மூடும். 5.20க்குப் பிள்ளையை வாங்க அங்கே ஆள் கிடையாது. நம் கெடாவில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. இங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். பள்ளிக்கூடம், அரசு அலுவலகம் எல்லாம் அப்படித்தான், என் தாஸ்காவும் அதையே பின்பற்றுகிறது. நான்கு-இரண்டு ஷிப்டில் இருப்பவருக்கு வெள்ளி ஏது, சனி ஏது?

வரிக் கழிவு பற்றியும் சொல்கிறேன், நிறையப் பேர் தவறாக நினைக்கிறார்கள். 6 வயது வரை உள்ள பிள்ளைக்குப் பதிவு பெற்ற தாஸ்கா, பாலர் பள்ளிக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 3,000 வெள்ளி வரை கழிவு உண்டு. கணவன் மனைவியில் ஒருவர்தான் எடுக்கலாம். 3,000 திரும்பக் கைக்கு வரும் என்று அர்த்தமில்லை. நான் 6 சதவீதப் படியில் இருக்கிறேன், எனக்கு மிச்சம் 180. நான் கட்டுவது வருஷம் 7,500. சம்பளம் வரி வரம்புக்கே வராதவருக்கு இந்தக் கழிவால் ஒரு காசு பயனில்லை. வீட்டில் பார்க்கும் ஆயாவிடம் ரசீதும் கிடையாது. உதவி அதிகம் தேவைப்படுகிறவருக்குத்தான் அது எட்டாமல் இருக்கிறது. என் வகுப்பில் காலையில் மேசையில் தலைவைத்துத் தூங்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். யார் வீட்டில் ஷிப்ட் என்று கேட்காமலே தெரியும்.

ஒரு சம்பள வீடு
புதன், இரவு 9.05

நின்றவர்கள் பக்கமும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். என் மனைவி மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு நின்றுவிட்டார். மூன்று பேருக்கும் ஆயா காசு 1,150 கேட்டார்கள், அவர் கையில் வாங்கியதே 1,450. எங்களுக்கு அது சரியாக இருந்தது. பிள்ளைகள் தெளிவாக இருக்கிறார்கள். நான் லோரி ஓட்டுகிறேன், வாரத்தில் மூன்று இரவு வீட்டில் இல்லை. ஒருவர் வீட்டில் இருந்தே ஆகவேண்டிய நிலைமை.

ஆனால் அதற்கு என்ன விலை கொடுத்தோம் என்பதையும் சொல்கிறேன். காடியை விற்றோம். ஒருமுறை எனக்கு முதுகு பிடித்து மூன்று வாரம் ஓட்ட முடியவில்லை, டிரிப் காசு வரவில்லை. அந்த மூன்று வாரமும் அவருடைய தாலிக்கொடிதான் சோறு போட்டது. இன்னும் மீட்கவில்லை.

நிற்பதாக முடிவு செய்தால் ஒன்று மட்டும் செய்யுங்கள். சொக்சோவில் இல்லத்தரசிகளுக்கு ஒரு பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது, 2022 டிசம்பரில் வந்தது. வருஷத்துக்கு 120 வெள்ளி, 55 வயதுக்குள் சேரவேண்டும். என் மனைவிக்கு எடுத்திருக்கிறேன். வீட்டு வேலையும் வேலைதான்.

பிள்ளை பார்க்கும் அம்மா
வியாழன், மதியம் 2.10

பிள்ளைகள் எல்லாரும் தூங்குகிறார்கள், அதனால் எழுதுகிறேன். நான் பீடோங் இல்லை, பக்கத்து ஊர். பதினொரு வருஷமாகப் பிள்ளை பார்க்கிறேன்.

ஆயா காசு, ஆயா காசு என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். அந்தக் காசு வாங்குகிறவள் பக்கமும் கேளுங்கள். இப்போது என்னிடம் மூன்று பிள்ளைகள். எல்லாம் சேர்த்து 1,200 வெள்ளி வருகிறது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 என்று ஆனபோது பெற்றோர் எல்லாருக்கும் ஏறியது, எனக்கு ஏறவில்லை. அதிலேயே மின்சாரம், தண்ணீர், மதியச் சோறு, பிஸ்கட். இபிஎஃப் கிடையாது. ஒரு பிள்ளைக்குச் சளி பிடித்தால் மூன்றுக்கும் பிடிக்கும், கடைசியில் எனக்குப் பிடிக்கும். நான் ஒரு நாள் படுத்தால் மூன்று அம்மாமார் வேலை போகமுடியாது என்று தெரிந்து, காய்ச்சலோடு எழுந்து போத்தல் கழுவியிருக்கிறேன். கூட்டிக் கேட்கவும் மனசு வராது. எதிரே நிற்கிற பெண்ணின் சம்பளம் எனக்குத் தெரியுமே.

ஏன் இன்னும் இரண்டு பிள்ளை சேர்க்கக்கூடாது என்று கேட்பார்கள். நாலு வயதுக்குக் கீழ் நாலு பிள்ளை ஆகிவிட்டால் அது சட்டப்படி தாஸ்கா. 1984ஆம் ஆண்டுச் சட்டம். சமூகநல இலாகாவில் பதிய வேண்டும், பயிற்சி எடுக்கவேண்டும், தீயணைப்பு, சுகாதாரம், நகராண்மை என்று ஒவ்வொன்றாக ஒப்புதல் வாங்கவேண்டும். பத்துக்குக் கீழ் என்றால் வீட்டிலேயே நடத்தலாம். பயிற்சிக்குப் போக எனக்கு ஆசைதான். அந்த நாட்களில் இந்த மூன்று பிள்ளைகளை யார் பார்ப்பது?

ஆனால் அந்த விதி ஏன் இருக்கிறது என்பதும் எனக்குப் புரிகிறது. ஒரு வயதுக்குக் கீழ் மூன்று பிள்ளைக்கு ஒரு ஆள் என்று எழுதியிருக்கிறார்கள். அதை யாரோ பிள்ளை தூக்கினவர்தான் எழுதியிருக்கவேண்டும். இரண்டு கைக்குழந்தை ஒரே நேரத்தில் அழுதால் மூன்றாவது என்ன செய்கிறது என்று திரும்பிப் பார்க்கக்கூட முடியாது. 200 வெள்ளிக்கு எட்டுப் பிள்ளை பார்க்கிறேன் என்கிறவரிடம் விடாதீர்கள். காசு மிச்சமாகும் என்று நினைக்காதீர்கள்.

இரண்டு பிள்ளை அம்மாவுக்கு ஒன்று கேட்கிறேன். உன் வீட்டுக்காரர் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார், எத்தனை மணிக்கு வருகிறார்?

இரண்டு பிள்ளை அம்மா
வியாழன், இரவு 9.30

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் ஆயாவை நினைத்து அழுதுவிட்டேன். அவரும் ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை.

வீட்டுக்காரர் ஆறரைக்குப் போவார், நாலரைக்கு முடியும். ஐந்துக்கெல்லாம் வீட்டில் இருப்பார். நீங்கள் கேட்ட பிறகுதான் உறைத்தது. அவர் ஐந்துக்கு வருகிறார், பிள்ளைகளை நான் எட்டு மணிக்கு அழைத்து வருகிறேன். ஏன் இப்படி என்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சின்னவன் பிறந்தபோது அவருக்குக் கைக்குழந்தையைத் தூக்கப் பயம், நான் சரி என்று விட்டேன், அப்படியே பழக்கமாகிவிட்டது.

கூலிம் அக்கா சொன்ன மாதிரி நோட்டில் இரண்டு சம்பளத்தையும் ஒரே பக்கத்தில் எழுதினேன். எழுதும்போது அவரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "நின்னுடு"ன்னு இனி சொல்லமாட்டேன் என்றார்.

ஆபிஸ் பக்கம்
வெள்ளி, காலை 11.00

சகோதரி, நான் வேறொரு தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது, நிறையப் பேர் கேட்பதே இல்லை.

வேலைச் சட்டத் திருத்தம் 2023 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்தது. பிரசவ விடுப்பு 98 நாள் ஆனது, அப்பாவுக்கு 7 நாள் வந்தது, வாரத்துக்கு 45 மணி நேரம் என்று குறைத்தார்கள். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதே திருத்தத்தில் வேலை நேரம், வேலை நாள், வேலை இடம் ஆகியவற்றை மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்துமூலம் கேட்கலாம் என்றும் இருக்கிறது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். மறுத்தால் காரணம் சொல்லவேண்டும். கட்டாயம் கொடுத்தே ஆகவேண்டும் என்று இல்லை. ஆனால் வாயால் சூப்பர்வைசரிடம் கேட்டு "முடியாது" என்று திரும்புவதற்கும், கடிதமாகக் கொடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு. கடிதம் வந்தால் எங்கள் மேசையில் அது ஒரு வேலை, பதில் போட்டே ஆகவேண்டும்.

உங்கள் லைனில் இதே நிலைமையில் இன்னும் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரே மாதத்தில் மூன்று கடிதம் வந்தால் பேசாமல் இருக்கமுடியாது. பிள்ளை பராமரிப்பு அலவன்ஸ் பற்றியும் ஒரு வரி சேருங்கள். முதலாளி தரும் அந்த அலவன்ஸுக்கு ஆண்டுக்கு 3,000 வெள்ளி வரை தொழிலாளிக்கு வரி கிடையாது, 2024இல்தான் 2,400இலிருந்து ஏற்றினார்கள். பெரியவர் சொன்ன ஆயா கொட்டகையைத் திரும்பக் கட்டச் சொல்லிக் கேட்க முடியாவிட்டாலும், அதன் செலவில் ஒரு பங்கைக் கேட்கலாம்.

பழைய லயத்துக்காரன்
வெள்ளி, மதியம் 12.20

கேள், மகளே. எழுத்தில் கேள். எங்கள் காலத்தில் எங்களுக்கு எழுதத் தெரியாது, கிராணியிடம் (தோட்டக் கணக்கரிடம்) போய் நிற்கவே பயப்படுவோம். உனக்கு அந்தக் குறை இல்லை.

இரண்டு பிள்ளை அம்மா
ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.45

பதில் வந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் வந்தேன். என் லைனில் நாங்கள் மூன்று பேர் கடிதம் கொடுத்தோம். இரண்டு பேருக்கு ஆறு மாதத்துக்கு நார்மல் ஷிப்ட், காலை 8லிருந்து. மூன்றாவது அக்காவுக்குக் கிடைக்கவில்லை, அவர் செக்ஷனில் ஆள் இல்லை என்று காரணம் எழுதியிருந்தார்கள். அவருக்காக மறுபடி கேட்கப்போகிறோம். அலவன்ஸ் பற்றி "பரிசீலிக்கப்படும்" என்று ஒரு வரி மட்டும்.

கணக்கை உள்ளபடியே சொல்கிறேன். ஷிப்ட் அலவன்ஸும் ஓவர்டைமும் போய்விட்டது. கைக்கு 1,500தான். நான் ஏழு மணிக்கு விடுகிறேன், வீட்டுக்காரர் ஐந்துக்கு அழைத்துவருகிறார். நேரம் குறைந்ததால் ஆயா தானாகவே 650 போதும் என்றார். நான் 680 கொடுக்கிறேன், அவரை விடவில்லை. மிச்சம் 820. முன்பு நின்றதைவிட 300 குறைவு. அதற்காக காடியை மாதத்தில் பாதி நாள் எடுப்பதில்லை, அவர் மோட்டோரில் போகிறார். ஆஸ்ட்ரோ டிவியை நிறுத்திவிட்டோம். இறுக்கமாகத்தான் இருக்கிறது. பெரியவள் பள்ளிக்குப் போகும்போது மதியத்துக்கு மேல் எங்கே விடுவது என்பது அடுத்த கவலை, அதைத் தனியாகக் கேட்கிறேன்.

நேற்று நான் ஆறரைக்கு வீட்டுக்கு வந்தபோது சின்னவனைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு வைத்திருந்தார். சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, அப்படியே தூக்கிக்கொண்டேன்.

ஒரு உதவி. எங்கள் ஆயா வீட்டுத் தொட்டில் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. சின்னவன் கனம் கூடிவிட்டான், புதிது வாங்கிக் கொடுக்கலாம் என்று பார்க்கிறேன். யாரிடமாவது நல்லதாக ஒன்று சும்மா கிடக்கிறதா?

பிள்ளை பார்க்கும் அம்மா
ஞாயிறு, இரவு 9.10

என்னிடம் இரண்டு இருக்கிறது. கனமான பிள்ளைக்கு உள்ளது, கொக்கியும் சேர்த்துத் தருகிறேன். சாரோங்கும் துவைத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலையில் உன் வீட்டுக்காரரை அனுப்பு.